லூர்துசாமி சார் எழுதாத ஒரு வரி

ராப் பாட்டு வழியாகத் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுப்பதில் எங்கள் பள்ளிதான் இந்த வட்டாரத்துக்கே முன்னோடியாம். போன மாதம் விருத்தாசலத்தில், எங்கள் பள்ளிக் கலையரங்கத்திலேயே மேடை போட்டு, மைக் வைத்துச் சொன்னார்கள். அந்தப் பெருமைக்காகப் பொன்னாடை வாங்கிக்கொண்டவர் முன்னாள் தலைமையாசிரியர் லூர்துசாமி சார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கொடுத்த டீயை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் சுகந்தி வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த தமிழாசிரியை. நல்ல பெண், சுறுசுறுப்பு, ஊர் விவகாரம் தெரியாது. "அம்மா, பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை குடுங்கம்மா. நீங்க அப்பவே கிளாஸுல தட்டித் தட்டிப் பாட்டு சொல்லிக்குடுப்பீங்கன்னு பழைய பசங்க சொல்றாங்க. இனிமையான நெனப்பா நாலு பக்கம் எழுதுங்க" என்றாள். இனிமை என்னிடம் கைவசம் இல்லை. நடந்ததை எழுதித் தருகிறேன். போடுவதும் போடாததும் அவள் பாடு.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேத்தியாத்தோப்பில் பிறந்தேன், புலவர் படிப்பு முடித்தேன், பி.எட். முடித்தேன், எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் கொஞ்ச காலம் தற்காலிக வேலை பார்த்தேன், பிறகு இந்தப் பள்ளிக்கு வந்து இங்கேயே நரைத்தேன். பெயர் ஸ்டெல்லா. பிள்ளைகளுக்குத் தமிழம்மா. குரல் பெரியது, கோபம் அதைவிடப் பெரியது. வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கும். அப்படி அடங்குவதைத்தான் நல்ல வகுப்பு என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

லூர்துசாமி சாரைப் பற்றித்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அவர் கத்த மாட்டார். பிரம்பைத் தொட மாட்டார். நாற்காலியில் உட்காரும் முன் கைக்குட்டையால் அதைத் துடைப்பார், பிறகு மேசையைத் துடைப்பார், பிறகு கைக்குட்டையை நாலாக மடித்து வைத்துவிட்டு, "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க டீச்சர்" என்பார். யோசிக்கச் சொன்னால் உத்தரவு என்று அர்த்தம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். தங்க நிற கிளிப் போட்ட அழகான பேனா. அதை எடுத்து அவர் ஓர் உத்தரவை எழுதி நான் பார்த்ததில்லை. வகுப்பை மாற்றுவதா, வாய்மொழி. லீவு மறுப்பதா, வாய்மொழி. பின்னால் கேள்வி வந்தால், "அப்படியா சொன்னேன்? நீங்க தப்பா புரிஞ்சிக்கிட்டிருப்பீங்க" என்று வருத்தத்தோடு சொல்வார். அந்த வருத்தம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளி வாசலில் வருடா வருடம் பேனர் கட்டுவோம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அது எப்படி வந்தது என்பதை இந்த ஊரில் இன்னும் பலர் அறிய மாட்டார்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்கள் அனுப்பும் முன், தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார் சார். உட்காரச் சொல்வார். தண்ணீர் கொடுக்கச் சொல்வார். டி.சி. வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதினால் பிள்ளைக்கு நல்லது என்று ஆறுதலாகப் பேசுவார். கடைசியில் பெற்றோரே டி.சி. கேட்டு எழுதிக் கொடுப்பார்கள். பள்ளி யாரையும் வெளியே அனுப்பியதில்லை, பெற்றோர் விருப்பப்பட்டுக் கூட்டிப்போனார்கள், அவ்வளவுதான்.

அந்த வரிசையில் ஒரு வருடம் அருள்செல்வியின் பெயர் வந்தது.

புது நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. பையன்கள் கையில் செல்போன் அப்போதுதான் புழங்க ஆரம்பித்த நேரம். அருள்செல்விக்குக் கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். கரண்டு எடுக்கிற நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய், வீடும் போய், குடும்பம் விருத்தாசலத்துக்கு வந்து ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தது. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மா தனம் ஒரு செராமிக் பட்டறையில் கோப்பைகளுக்கும் பொம்மைகளுக்கும் வண்ணம் பூசுகிற வேலை. பெண் கணக்கில் தேறிவிடுவாள், அறிவியலிலும் தட்டுத்தடுமாறிக் கரையேறிவிடுவாள். தமிழில்தான் விழுந்துகொண்டிருந்தாள். பொதுத்தேர்வில் "அடிபிறழாமல் எழுதுக" என்று ஒரு கேள்வி வரும். பாடச் செய்யுளை ஒரு சொல் மாறாமல் எழுத வேண்டும். இவளால் இரண்டாவது வரியைத் தாண்ட முடியாது.

ஒருநாள் வகுப்பே சேர்ந்து செய்யுளை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் கடைசி பெஞ்சில் வேறு எதையோ முணுமுணுத்தாள். போய் நின்றேன்.

"என்னாடி அது? எழுந்து உரக்கச் சொல்லு."

அவள் எழுந்தாள். வாயைத் திறந்ததும் மூச்சுவிடாமல் ஒரு ராப் பாட்டைக் கொட்டினாள். மலேசியாத் தமிழ்ப் பையன்கள் பாடியதாம், ஊரில் இருந்தவரை அவள் வந்துபோன கம்மாபுரம் பஸ்ஸில் தினமும் போட்டானாம். நீளமான பாட்டு. ஒரு சொல் சறுக்கவில்லை. வகுப்பு வாயைப் பிளந்து பார்த்தது, நானும்தான். எனக்கு முதலில் வந்தது பொறாமை. வருடக்கணக்கில் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த எனக்கு வராததை எவனோ ஒருவன் பஸ்ஸில் பாட்டுப் போட்டே சாதித்திருக்கிறான்.

"இவ்ளோ நீளத்தை எப்படிடி மனப்பாடம் பண்ணுன?"

"மனப்பாடமெல்லாம் பண்ணலம்மா. தட்டுனா வருது."

அப்போதுதான் பார்த்தேன், அவள் வலது கை ஆள்காட்டி விரல் பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருந்தது. லீவு நாட்களில் அம்மாவோடு பட்டறைக்குப் போவாளாம். சூளையிலிருந்து வெளியே எடுத்த கோப்பைகளை அங்கே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் கொடுக்கும், நல்லது கணீரென்று கேட்கும். அங்கே பழகிய விரல், எதைக் கண்டாலும் தட்டும்.

அதே வாரத்தில்தான் தனத்தைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார் சார். நான் ஏதோ கையெழுத்து வாங்க உள்ளே போனபோது அந்தம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தது. முழங்கை வரை வெள்ளை மாவு ஒட்டியிருந்தது, வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறது.

"ஒங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். ஃபெயிலாயிட்டா பொண்ணு மனசு ஒடைஞ்சிடும். யோசிச்சுப் பாருங்க" என்றார் சார்.

"பத்தாவது தாண்டிட்டாப் போதுங்க சார். பட்டறை பவுடருல வந்து குந்த வேணாம். நான்தான் இருமிக்கிட்டுக் கெடக்குறன், இவளாவது நர்ஸு வேல அது இதுன்னு போவட்டும்னு பாக்குறன்."

"டி.சி. வாங்கிக்கிட்டாலும் தாண்டலாம்மா. தனியா எழுதலாம்."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்களே."

"அதெல்லாம் நாங்களே எழுதி வச்சிருக்கோம். நீங்க கைநாட்டு வச்சாப் போதும்."

என் கையிலிருந்த காகிதத்தை அவர் மேசையில் போட்டேன். கொஞ்சம் வேகமாகத்தான் போட்டேன். "சார், இந்தப் பொண்ணத் தமிழ்ல நான் பாஸ் பண்ண வெக்கிறேன். அரையாண்டு வரைக்கும் விடுங்க" என்றேன்.

அவர் கைக்குட்டையைப் பிரித்தார், மடித்தார். "வாயால சொன்னா எப்படி டீச்சர்? எழுதிக் குடுங்க."

தன் வாழ்நாளில் ஒரு வரி எழுதிக் கொடுக்காத மனிதர் என்னிடம் எழுத்தில் கேட்டார். எழுதினேன். இந்த மாணவி தேறாவிட்டால் அதற்கு நானே பொறுப்பு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அவருடைய அந்தத் தங்க கிளிப் பேனாவை நீட்டினார், அதிலேயே எழுதினேன். தனம் என்னைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனது.

அன்று ஆரம்பித்த வேலைதான் இப்போது புதுமைக் கற்பித்தல் என்று பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. செய்யுளின் ஒரு வரியை அடி என்போம். அடிக்குள் இருக்கும் துண்டுகள் சீர்கள். ஒரு சீருக்கு ஒரு தட்டு, அடி முடிந்தால் ஒரு நிறுத்தம். அவ்வளவுதான் முறை. தனத்தின் பட்டறையில் கழித்துப்போட்ட கோப்பைகளும் கரண்டு கம்பத்துப் பீங்கான்களும் வகுப்புக்கு வந்து சேர்ந்தன. நல்லவை கணீரென்றும் விரிசல் விட்டவை டொக்கென்றும் சத்தம் தந்தன, இரண்டும் எங்களுக்குத் தேவைப்பட்டன. கடைசி பெஞ்ச் பையன்கள் வாயைக் குவித்து பூம் சக், பூம் சக் என்று தாளம் போட்டார்கள். அருள்செல்வி முன்னால் நின்று செய்யுளை ராப்பாகச் சொல்வாள், வகுப்பு பின்னால் பிடித்துக்கொள்ளும். யாப்பு இலக்கணத்தில் நான் கரும்பலகையில் கோடு போட்டுக் கோடு போட்டுப் புரியவைக்க முடியாமல் விட்டதெல்லாம் விரலுக்கு வந்தது. தளை தட்டினால், அதாவது சீரோடு சீர் இசையாவிட்டால், விரல் தட்டும் சறுக்கியது, பிள்ளைகளே "அம்மா, எங்கியோ தப்பு" என்றார்கள்.

ஆசிரியர் அறையில் என் தலை உருண்டது. "ஸ்டெல்லா டீச்சர் கிளாஸுல இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்? மேளம் பலமா இருந்துச்சே" என்று கணக்கு வாத்தியார் கேட்பார். "உங்களுக்குத்தான் ரெண்டாந்தாரம் பாத்திருக்குது" என்று ஒருநாள் சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வெறும் மனப்பாடத்தோடு நிற்கவில்லை. அரசனுக்கு நேரே நின்று ஒரு புலவர் பேசுகிற பழம்பாட்டு ஒன்று பாடத்தில் இருந்தது. ராப்பில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறிச் சாடுவார்களாம், பையன்கள் சொன்னார்கள். அப்படியே செய்வோம் என்றேன். வகுப்பின் ஒரு பாதி அரசன் கட்சி, மறு பாதி புலவர் கட்சி. சொந்த வரிகள், ஆனால் எதுகையும் மோனையும் தவறக் கூடாது. அரசன் கட்சிப் பையன்கள் யானை, சேனை, கோட்டை என்று அளந்து தள்ளினார்கள். புலவர் கட்சியில் அருள்செல்வி எழுந்தாள். இப்போதும் எனக்கு அந்த வரிகள் மறக்கவில்லை:

நட்டநடு வயலுல நம்பர் போட்ட கல்லு,
நாங்க யாரும் ஊனலியே, யாரு ஊனுனா சொல்லு.
வெட்டுன மண்ணு மலையாச்சு, வூடு எங்க போச்சு?
வெளக்கு எரியிது ஊருக்கெல்லாம், எங்க தெரு இருட்டாச்சு.

அரசன் கட்சி உட்கார்ந்துவிட்டது. அவர்களில் பாதிப் பேருக்கும் அதே பக்கத்து ஊர்தான். பாட்டு எழுதிய புலவர் எதற்காக அரசன் முன்னால் போய் நின்றார் என்று அதற்குமேல் நான் உரை சொல்லவேண்டியிருக்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, திரும்பி நின்று கரும்பலகையைத் துடைத்தேன்.

அரையாண்டில் அவள் தமிழில் நன்றாகவே தேறினாள். "அடிபிறழாமல் எழுதுக" கேள்விக்கு முழு மதிப்பெண். சார் விடைத்தாளை வாங்கி இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு என் வகுப்பு ஜன்னலோரம் அவர் வந்து நிற்க ஆரம்பித்தார். நிர்வாகத்திலிருந்து யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு வருவார். "நம்ம தமிழ் டீச்சரு புதுசா ஒரு முறையில பண்றாங்க, நான்தான் பண்ணுங்கன்னு சொல்லியிருக்கேன்" என்று அவர் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். வாய்மொழிதான். சரி, பெயர் யாருக்குப் போனால் என்ன, டி.சி. பேச்சு நின்றதே என்று நானும் சும்மா இருந்தேன். அருள்செல்வியின் பெயர் பொதுத்தேர்வுக்குப் போயிற்று.

தேர்வு நெருங்கியபோது, மேசையில் தட்டாதீர்கள், தொடையில் தட்டுங்கள், சத்தம் வரக் கூடாது என்று பிள்ளைகளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். ஒரு வாரம் அப்படியே பழக்கியும் விட்டேன். எனக்குத் தேர்வுக் கண்காணிப்பு வேலை மங்களூரில் போட்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு விருத்தாசலத்திலேயே வேறொரு பள்ளி மையம். தமிழ் முதல் தாள் அன்று நான் அங்கே இல்லை.

அன்று நடந்ததைப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அருள்செல்வி கடகடவென்று எழுதியிருக்கிறாள். செய்யுள் கேள்வியில் மூன்றாவது அடியில் வந்து நின்றுவிட்டது. தொடையில் தட்டிப் பார்த்திருக்கிறாள், வரவில்லை. பயத்தில் விரல் தானாக டெஸ்க்கு மேலே போய்விட்டது. இரும்பு டெஸ்க். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவர்கள் விரலும் சேர்ந்துகொண்டது. ஒரு வருடமாக ஒன்றாகத் தட்டிய கைகள், வேறென்ன செய்யும்?

அந்த நேரம் ஸ்குவாடு என்கிற பறக்கும் படை வாசலில் நின்றது. தேர்வறையில் தட்டுவதற்கு எங்கள் தொழிலில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. ஒரு மதிப்பெண் கேள்விக்கு நாலு விடைகள் கொடுத்திருப்பார்கள். ஒரு தட்டு என்றால் முதல் விடை, இரண்டு தட்டு என்றால் இரண்டாவது. காலங்காலமாகக் காப்பியடிக்கிறவர்கள் செய்கிற வேலை. கண்காணிப்பாளர்கள் எல்லோருக்கும் அது தெரியும், நானே அப்படித் தட்டியவர்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். மூன்று தட்டு தட்டினாள், பின்னால் இருவர் பதில் தட்டினார்கள். வந்தவர்களுக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பின்னால் இருந்த இருவரையும் மிரட்டி விட்டுவிட்டு, முதலில் தட்டியவள் என்று அருள்செல்வியின் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். செய்யுளுக்காகத் தட்டினேன் என்று அவள் அழுதிருக்கிறாள். செய்யுளுக்கு எவளாவது தட்டுவாளா என்று சிரித்திருக்கிறார்கள்.

மையத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு போன் போனது. "ஒங்க பொண்ணு இப்படிச் சொல்லுது, உண்மையா?" என்று கேட்டார்கள். போனை எடுத்தவர் லூர்துசாமி சார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். "அப்படி எதுவும் எங்க ஸ்கூல்ல சொல்லித் தர்றதில்லீங்களே" என்றாராம். அந்த அறையில் அப்போது இருந்த எழுத்தர் என்னிடம் சொன்னார். சார் போனை வைத்துவிட்டு அதையும் கைக்குட்டையால் துடைத்தாராம்.

நான் கேட்டேன். அவர் அறைக்கே போய், கதவைக்கூடச் சாத்தாமல் கேட்டேன். "ஜன்னல்ல நின்னு பாத்தீங்களே சார்? நான்தான் பண்ணச் சொன்னேன்னு பெருமையடிச்சீங்களே?"

"மெதுவாப் பேசுங்க டீச்சர். தட்டிச் சொல்லிக்குடுத்தோம்னு ஒத்துக்கிட்டா, மத்த பசங்க பேப்பரையும் சந்தேகப்படுவாங்க. ஒரு புள்ளைக்காக ஸ்கூலு பேரைக் கெடுக்க முடியுமா? யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். ஒரு பிள்ளையைக்கூடக் காப்பாற்றாத பெயரை வைத்து என்ன செய்வது என்றுதான் எனக்கு யோசனை வந்தது. சொன்னேன். பள்ளி முழுக்கக் கேட்டிருக்கும்.

கல்வி அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். அருள்செல்வியும் தனமும் நானும் ஒரு பக்கம், சார் எதிர்ப் பக்கம். விசாரித்த அதிகாரி வயதானவர், அவசரப்படாதவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு அருள்செல்வியைப் பார்த்து, "எங்க, அந்தச் செய்யுளச் சொல்லு பாப்பம்" என்றார்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் இரண்டு அடி வந்தது. மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள். உதடு மட்டும் துடித்தது.

"தட்டலாங்களா சார்?" என்று கேட்டாள்.

"தட்டு."

அவர் மேசையின் ஓரத்தில் விரலை வைத்தாள். தட்டினாள். மூன்றாவது அடி வந்தது, நாலாவது வந்தது, கடைசி வரை ஒரு சொல் பிறழாமல் வந்தது. தனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இது காப்பி இல்லன்னு எனக்குப் புரியுது டீச்சர். ஆனா ஸ்குவாடு எழுத்துல குடுத்திருக்காங்க. அதுக்கு எதிரா எழுத்துல ஒண்ணு வேணும். ஒங்க எழுத்து போதாது, சொல்லிக்குடுத்தவங்களே நீங்கதான். ஸ்கூலு தலைமை ஒரு வரி எழுதட்டும். எங்க ஸ்கூல்ல இப்படித்தான் சொல்லிக்குடுக்குறோம்னு. ஒரே வரி. நான் முடிச்சுடுறேன்" என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை சார் பக்கம் நகர்த்தினார்.

பேனா பையில் இருந்தது. தங்க கிளிப் எனக்குத் தெரிந்தது. என்னை எழுத வைத்த அதே பேனா. சார் தாளைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்படி ஒரு முறைக்கு நான் அனுமதி குடுக்கலீங்க சார். டீச்சரு ஏதோ ஆர்வத்துல செஞ்சிருக்காங்க" என்றார், வருத்தத்தோடு.

அவ்வளவுதான். அருள்செல்வியின் தேர்வு ரத்தானது. மறுபடி எழுதவும் தடை. பட்டறைக்குப் போகக் கூடாது என்று எந்த அம்மா நினைத்ததோ, அதே அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவளைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தது. தடை முடிந்த பிறகு நான் அவள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். "வேணாம்மா. திரும்பி அந்த ரூமுக்குள்ள போயிக் குந்தினா கை தானா தட்டும். திரும்பிப் புடிப்பாங்க" என்றாள். அந்த வருடமும் வாசலில் நூற்றுக்கு நூறு பேனர் கட்டினார்கள். அவளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பேனரின் கீழே குனிந்து போக மனமில்லாமல் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனேன்.

ஜூனில் என்னைப் பத்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மாற்றினார் சார். வாய்மொழிதான். ஆறாம் வகுப்பில் போட்டால் அடங்குவாள் என்று நினைத்திருப்பார். ஓய்வு பெறும் நாள் வரை நான் தட்டுவதை நிறுத்தவில்லை. என்னிடம் ஆறாவது படித்தவர்கள் இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் விரலால் காற்றில் தட்டிக்கொண்டே வணக்கம் சொல்வார்கள்.

இப்போது அந்த மேடைக்கு வருகிறேன். ஹிப்-ஹாப் வழி இலக்கியம் என்று பெரிய விளம்பரத் தட்டி. பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நன்றாகவே செய்தார், அவர் மேல் எனக்குக் குறையில்லை. பிள்ளைகள் கூத்தாடினார்கள். பிறகு சார் மைக்கைப் பிடித்தார். வயது கூடியிருக்கிறது, கைக்குட்டை அதேதான். மைக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஸ்கூல்ல அப்பவே இப்படித்தான் சொல்லிக்குடுத்தோம்."

அதே வரி. விசாரணை மேசையில் கேட்ட அதே வரி, கேட்காமலேயே வந்தது. எழுந்து நின்றேன். இந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை.

"சார், இப்ப சொன்னத அப்படியே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அரங்கம் முழுக்கக் கைதட்டியது. பழைய ஆசிரியை ஆசையோடு ஞாபகார்த்தமாகக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். சுகந்திதான் ஓடிப்போய்த் தாள் கொண்டு வந்தாள், பாவம். சாருக்கு மட்டும் புரிந்தது. கை பைக்குப் போனது, நின்றது, திரும்பவும் போனது. எல்லோரும் பார்க்கிறார்கள், தப்ப வழியில்லை. பேனாவை எடுத்தார். தாளில் குனிந்து எழுதினார். கீழே சுழித்துக் கையெழுத்துப் போட்டார். சுகந்தி சிரித்த முகமாக அதைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

'வாழ்த்துகளுடன், லூர்துசாமி' என்று இருந்தது.

அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். தனம் போய்ச் சேர்ந்துவிட்டது, மார்புச் சளிதான். அம்மா உட்கார்ந்த இடத்தில் அருள்செல்வி உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் வெள்ளை மாவு, முன்தலையில் நரை. சூளையிலிருந்து எடுத்த கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நடந்ததைச் சொன்னேன். மேடை, பொன்னாடை, அவர் சொன்ன வரி, நான் கேட்டது எல்லாவற்றையும் சொல்லித் தாளை நீட்டினேன்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படித்தாள். திருப்பிப் பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"கையெழுத்து அழகாத்தாம்மா இருக்குது" என்றாள்.

தாளை என்னிடமே கொடுத்துவிட்டுக் குந்தினாள். அடுத்த கோப்பையை எடுத்துத் தட்டினாள். டொக்கென்றது. கழித்த குவியலில் போட்டாள்.